சென்னையில் பார்க்க என்னப்பா இருக்கு?

இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். கிழவனுக்கு வேலை இல்லை, கோபம் மட்டும் மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டு நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் சென்ற ஆண்டு குடும்பத்தோடு தென் அமெரிக்காவுக்குச் சுற்றுலா போனான். ஈக்வடார் என்ற நாடு. அதன் தலைநகரம் கித்தோ. நாம் குயிட்டோ என்று எழுதினாலும் அந்த ஊர்க்காரர்கள் கித்தோ என்றுதான் சொல்வார்களாம். அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். தரையில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. என் பேரன் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அந்தக் கோடுதான் பூமத்திய ரேகை என்று எழுதியிருந்தான். ஒரு கால் வட பாதியில், ஒரு கால் தென் பாதியில்.

பார்த்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். கோடு என்றால் எனக்கு ஒரு பிரியம்.

பிறகு டிசம்பரில் அவர்கள் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. பயண ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்திடம் சொல்லித் திட்டம் போட்டு வாங்கியிருந்தான். அதை எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினான். முதல் நாள்: சென்னை வந்து சேர்தல், ஓய்வு. இரண்டாம் நாள்: மாமல்லபுரம், பாண்டிச்சேரி. மூன்றாம் நாள் சின்னசேலம் வந்து எங்களோடு இருந்துவிட்டு, பிறகு தஞ்சாவூர், மதுரை. கடைசி நாள்: சென்னை, விமானம்.

போன் போட்டுக் கேட்டேன். "ஏம்ப்பா, கித்தோவில எத்தனை நாள் இருந்தீங்க?"

"மூணு நாள்ப்பா."

"சென்னையில?"

"சென்னையில பாக்க என்னப்பா இருக்கு? வெயிலு, டிராபிக்கு. காலையில இறங்கி தூங்கி எழுந்தா போதும்."

அன்றிலிருந்து இந்த ஒரு வாக்கியம் என் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கிறது. மகன் மட்டும் சொன்னால் பரவாயில்லை. யோசித்துப் பாருங்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இந்த வாக்கியத்தோடுதான் இன்று என் சண்டை.

முதலில் கித்தோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் தெரியாமல் ஒப்பிடக் கூடாது. ஆண்டிஸ் மலைமேல் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட அறுநூறு மீட்டர் உயரம். இறங்கியதும் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். மழைக்காலத்தில் மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். கடல் கிடையாது. ஸ்பானியர்கள் 1534-ல் அமைத்த ஊர். பழைய நகரத்தில் சர்ச்சுகள், மடங்கள், சதுக்கங்கள். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது அதில் இடம்பெற்ற இரண்டு நகரங்களில் ஒன்று கித்தோ. இன்னொன்று போலந்தின் கிராகோவ்.

அப்படிப்பட்ட ஊர் எப்போதும் பளபளவென்று இருந்ததாக நினைக்காதீர்கள். 1987-ல் நிலநடுக்கம் வந்து பழைய கட்டிடங்கள் பல சேதம். நடைபாதை முழுக்கக் கடைகள், நெரிசல், திருட்டுப் பயம். ஊர்க்காரர்களே பழைய நகரத்துக்குள் போக யோசித்த காலம் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு பழைய கட்டிடங்களைக் காப்பாற்றவே தனியாக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு கட்டிடமாகச் சரி செய்தார்கள். நடைபாதைக் கடைக்காரர்களைத் துரத்தி அடிக்காமல் பேசி, 2003 வாக்கில் அவர்களுக்கென்று கட்டிய சந்தைக் கட்டிடங்களுக்கு மாற்றினார்கள். இருபது வருடத்து வேலை அது.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஈக்வடார் போகிற வெளிநாட்டுக்காரன் உண்மையில் பார்க்க ஆசைப்படுவது காலாபாகோஸ் தீவுகளை. டார்வின் போன தீவுகள், ராட்சத ஆமைகள். அங்கே போக விமானம் மாறும் ஊர்களில் ஒன்று கித்தோ. "கித்தோவில் என்ன இருக்கு, இறங்கித் தூங்கி எழுந்து தீவுக்குப் போங்கள்" என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இரண்டு நாள் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். மலைமேல் ஏற ரோப் கார் போட்டார்கள். நகரத்துக்கு வடக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கோட்டை வரைந்து, முப்பது மீட்டர் உயரத்தில் நினைவுச்சின்னம் கட்டி, 'உலகத்தின் நடு' என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது அந்தக் கோட்டின் ரகசியத்தைச் சொல்கிறேன். அது சரியான இடத்தில் இல்லை! இன்றைய ஜி.பி.எஸ். கருவியை வைத்துப் பார்த்தால் உண்மையான பூமத்திய ரேகை அந்த மஞ்சள் கோட்டிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளிப் போகிறது. ஒரு சர்வேயராக எனக்கு இது தலையைச் சுற்றியது. 240 மீட்டர்! எங்கள் துறையில் அரை மீட்டர் தள்ளிக் கல் நட்டாலே இரண்டு குடும்பம் அரிவாளோடு நிற்கும். ஆனால் அந்தத் தப்பான கோட்டின் மேல் நின்று போட்டோ எடுக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். என் பேரனும் போய் நின்றான்.

நான் கேலி செய்யவில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. பூமி உருண்டைதான், ஆனால் சரியான உருண்டையா, துருவத்தில் தட்டையா, நடுவில் தட்டையா என்று ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்த காலம். நியூட்டன், துருவத்தில் தட்டை, நடுவில் புடைப்பு என்றார். அப்படியானால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் பூமத்திய ரேகையருகே குறைவாகவும் துருவத்தருகே அதிகமாகவும் இருக்க வேண்டும். அளந்து பார்த்துவிடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழுவை வடக்கே லாப்லாந்துக்கும் இன்னொன்றைக் கித்தோவுக்கும் அனுப்பினார்கள். கித்தோ குழு 1736-ல் வேலையை ஆரம்பித்தது. ஏழெட்டு வருடம் மலை மலையாக ஏறி அளந்தார்கள். நியூட்டன் சொன்னதே சரி என்று ஆயிற்று. பின்னாளில் அந்த நாடே பூமத்திய ரேகையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது.

நல்ல கதைதான். இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

மகன் குடும்பம் இறங்கிய மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகவே தெரியும். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அந்த மலையடியில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு சங்கிலியைத் தரையோடு போட்டு அளக்க ஆரம்பித்தார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அதுதான் அடிக்கோடு. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாகப் போட்டு இந்தியா முழுவதையும் அளந்தார்கள். கன்னியாகுமரி தொடங்கி இமயமலை வரை போன அளவை அது. லாம்டன் 1823-ல் வேலையிலேயே, மகாராஷ்டிரப் பக்கம் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்துபோனார். பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆமாம், அதே எவரெஸ்ட்தான். உலகத்திலேயே உயரமான சிகரம் 29,002 அடி என்று கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கின் வேர் நம் பரங்கிமலை அடிவாரத்தில் இருக்கிறது.

சர்வேயர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். நாங்கள் இழுத்த பழைய சங்கிலி 66 அடி, 100 லிங்க். பிறகு 20 மீட்டர் சங்கிலி வந்தது. லாம்டன் வைத்திருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளத்தில் நாற்பது துண்டுகள். அதைச் சும்மா தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரத் தொட்டிகளை வைத்து, மட்டம் பார்த்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி அளந்தார்கள். இரும்பு வெயிலில் நீளும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு தடவையும் வெப்பமானி வைத்து எவ்வளவு நீண்டது என்று கணக்கெடுத்துக் கழித்தார்கள். ஏழரை மைலுக்குச் சுமார் 400 சங்கிலி வரும். முடிக்க 57 நாள் ஆனது. நாளைக்கு ஏழு சங்கிலிதான்! நாங்கள் ஒரு காலை வேளையில் அதைவிட அதிகம் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவர்கள் சித்திரை, வைகாசி கத்திரி வெயிலில் 57 நாள் குனிந்து குனிந்து அளந்தார்கள். சங்கிலி தூக்கிய, தொட்டி நகர்த்திய, முக்காலி பிடித்த கைகள் நம்மவர்களுடையவை. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்னொரு சேதி, நம் பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு. சென்னையில் அடிக்கோடு போட்ட பிறகு, ஒரு பாகையின் நீளத்தைக் கண்டுபிடிக்க லாம்டன் எடுத்துக்கொண்ட தென்கோடி நிலையம் கடலூர்ப் பக்கம் திருவந்திபுரம். நாமெல்லாம் மொட்டை போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருகிற அதே தேவநாத சுவாமி ஊர்தான். கித்தோவில் பிரெஞ்சுக்காரர்கள் எதைச் செய்தார்களோ அதே வேலை, பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் வேலை, நம் மண்ணிலும் நடந்தது.

பேரன் வந்தபோது பிடிவாதம் பிடித்தேன். முதல் நாள் ஓய்வு வேண்டாம், நான் சென்னைக்கு வருகிறேன், பேரனை என்னோடு அனுப்பு என்றேன். மருமகள் சிரித்துக்கொண்டே சரி என்றார். பையனை அழைத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போனேன். என் முட்டிக்குப் படி ஏறாது; மேலே வரை கார் போகும். 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதா கோயில், பழைய பாரசீக எழுத்து செதுக்கிய கற்சிலுவை எல்லாம் பார்த்தோம். மேலிருந்து விமான ஓடுபாதை முழுவதும் தெரிந்தது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் பார்த்துப் பையன் குதித்தான். லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவனுக்குச் சங்கிலிக் கதை முழுவதும் சொன்னேன். பத்து வயதுப் பையன், கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"தாத்தா, கோடு எங்க?"

கோடு இல்லை. கால் வைத்து நிற்க ஒரு கோடு இல்லை. தப்பான கோட்டை வரைந்தவன் உலகத்தைக் கூட்டிவிட்டான். சரியாக அளந்த கோட்டை வைத்திருக்கும் நாம், அதன் மேல் ரோடும் வீடும் போட்டுவிட்டு "இங்கே பார்க்க என்ன இருக்கு" என்கிறோம்.

இது பரங்கிமலையோடு முடியவில்லை. விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் பல்லாவரம். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று முதன்முதலில் தெரியவந்தது அந்தக் கல்லால்தான். சென்னைக்கு முந்நூற்று எண்பது வயதுதான், தஞ்சாவூர் மாதிரி பழமை இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பதில் பல்லாவரத்து மண்ணில் கிடக்கிறது.

சரி, இதெல்லாம் படித்தவர்கள் விஷயம் என்பீர்கள். இல்லை ஐயா. நம் அப்பாமார்களுக்கு இது தெரிந்திருந்தது. நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சின்னசேலத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயில் ஏறி, விருத்தாசலத்தில் மாறி, எழும்பூரில் இறங்குவார்கள். எதற்கு? 'பட்டணம் பார்க்க'. அப்படி ஒரு சொல்லே இருந்தது. பட்டணம் என்றால் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்று இரண்டு காலேஜ் பார்ப்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட். மவுண்ட் ரோட்டில் 1959-ல் கட்டி முடித்த எல்.ஐ.சி. பதினாலு மாடியைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். கடற்கரையில் கால் நனைப்பார்கள். என் அப்பா ஒரே ஒரு தடவை போய் வந்து ஒரு வருடம் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. உயிர் காலேஜ் அதே வருடம் வண்டலூருக்குப் போனது. பட்டணம் பார்க்கும் வழக்கமும் அதோடு போய்விட்டது போலிருக்கிறது. இப்போது நாம் எதற்குச் சென்னை போகிறோம்? ஆஸ்பத்திரிக்கு. கோர்ட்டுக்கு. தலைமைச் செயலகத்தில் மனு கொடுக்க. பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட. பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. போன வேலை முடிந்ததும் ராத்திரி சேலம் எக்ஸ்பிரஸ் பிடித்து விடியற்காலையில் சின்னசேலத்தில் இறங்கி, "அப்பாடா, என்னா ஊருடா அது" என்று மூச்சு விடுகிறோம். பேருந்து என்றால் முன்பு கோயம்பேடு, இப்போது கிளாம்பாக்கம். அத்தோடு சரி.

ஊரைக் குறை சொல்லுமுன் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் சேப்பாக்கத்திலிருக்கும் எங்கள் துறைத் தலைமை அலுவலகத்துக்கு எத்தனை தடவை கட்டுக் கட்டாகப் புலப்படங்களையும் பதிவேடுகளையும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்! அந்த வட்டாரத்திலேயே சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. 1768-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டியது. நம் தென்னாற்காட்டுச் சீமை முழுவதும் யாருக்கு வரி கட்டியதோ, அந்த நவாபின் வீடு. இந்தோ சரசெனிக் என்று சொல்லும் கட்டிடக் கலைக்கு இந்தியாவிலேயே முன்னோடி என்று சொல்வார்கள். நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. எழிலகம் கேன்டீனில் வடை நன்றாக இருக்கும், அது மட்டும் தெரியும். 2012 ஜனவரியில் அங்கே கலச மகால் எரிந்ததை டி.வி.யில் பார்த்தேன். தீயணைக்கப் போன அதிகாரி ஒருவரும் உயிரிழந்தார். அன்றுதான் என் வீட்டம்மாவிடம், "அடடா, இது நாம தினம் நடந்து போன எடமாச்சே" என்றேன். எரிந்த பிறகுதான் அரண்மனை என் கண்ணில் பட்டது. பிறகு அதைப் பழையபடி கட்டிவிட்டார்கள்; அந்தப் புண்ணியவான்களுக்கு நன்றி.

இனி எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதற்கு ஒவ்வொன்றாகப் பதில்.

"சென்னையில வெயிலு." ஆமாம். சித்திரையில் வரச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து நம் பிள்ளைகள் வருவதே டிசம்பர், ஜனவரியில். அப்போது மெரினாவில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கித்தோவில் மூச்சுத் திணறி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் சுற்றியவன், சென்னையில் நெற்றி வியர்வைக்குப் பயப்படலாமா?

"அழுக்கு, கூவம், நாத்தம்." இதில் வாதாட மாட்டேன். உண்மை. நடைபாதை இருந்தால் அதில் மோட்டார் சைக்கிள் வருகிறது. நம் வயதுக்காரர்கள் வெளியே போனால் முதலில் தேடுவது கழிப்பிடம். அது கிடைப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. ஆனால் இதைச் சொல்லி முடிக்கிற இடத்தில்தான் என் கேள்வி ஆரம்பிக்கிறது. கித்தோவும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் "பார்க்க இருக்கிறது, அதனால் சுத்தம் செய்வோம்" என்றார்கள். நாம் "அழுக்காக இருக்கிறது, அதனால் பார்க்க ஒன்றும் இல்லை" என்கிறோம். பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிய ஊரை எவன் கூட்டிப் பெருக்குவான்?

"மதுரை, தஞ்சாவூர் இருக்கும்போது சென்னை எதுக்கு?" காலாபாகோஸ் இருக்கும்போது கித்தோ எதுக்கு என்று அவர்கள் கேட்கவில்லையே! தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்க்கிறவன், சோழர் காலத்து வெண்கலத்தைப் பக்கத்தில் நின்று, முன்னும் பின்னும் சுற்றி வந்து பார்க்க வேண்டுமானால் எழும்பூர் மியூசியத்துக்குத்தான் வர வேண்டும். 1851-ல் தொடங்கியது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கேதான் இருக்கிறார். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். கருவறையில் தீபாராதனை வெளிச்சத்தில் அரை நிமிடம் தெரிகிற அழகை அங்கே அரை மணி நேரம் யாரும் "நகருங்க" என்று சொல்லாமல் பார்க்கலாம்.

"எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது, நமக்கென்ன?" கித்தோவின் சர்ச்சுகளும் ஸ்பானியன் கட்டினதுதான். கட்டிய கை அந்த ஊர் இந்தியர்களுடைய கை. புனித ஜார்ஜ் கோட்டையில் கல் சுமந்ததும் நம் ஆட்கள்தான். அந்தக் கோட்டை மியூசியத்தில் ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி. பட்டுத் துணி, கொஞ்சம் மங்கிவிட்டது. அதற்கு முன்னால் நின்று "வெள்ளைக்காரனுடையது" என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன். அந்தக் கோட்டைக்குள்ளேயே 1680-ல் கட்டிய மேரி மாதா ஆலயம் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்ட இடம். எத்தனை தடவை மனு கொடுக்கக் கோட்டைக்குப் போனோம், யாராவது எட்டிப் பார்த்தோமா?

கித்தோ சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2024 தொடக்கத்தில் கொள்ளைக் கூட்டங்களின் அட்டகாசம் தாங்காமல் அந்த நாடு அவசர நிலையே அறிவித்தது. ராத்திரி தனியாக நடக்காதே என்று மகனிடம் ஹோட்டல்காரரே சொன்னாராம். சென்னையில் பத்து மணிக்கு மேல் பாட்டிகள் மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த ஒன்றுக்காகவே நாம் பத்து மஞ்சள் கோடு போடலாம்.

அப்படியானால் குற்றம் யாருடையது? சென்னையைத் தூங்கும் இடமாகப் போட்டு அனுப்புகிற பயண நிறுவனங்களுடையது. விளம்பரப் பலகை என்றால் மாமல்லபுரம் கோயிலையும் ஊட்டி ரயிலையும் தவிர வேறு படம் கிடைக்காதவர்களுடையது. பிள்ளைகளைச் சுற்றுலா என்று சென்னைக்கு அழைத்துப் போய், மியூசியத்தைத் தாண்டி நேராகத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் இறக்கிவிடுகிற பள்ளிக்கூடங்களுடையது. பழைய கட்டிடங்களைக் காக்க 2012-லேயே சட்டம் போட்டுவிட்டு, ஆணையம் அமைக்கப் பல வருடம் எடுத்துக்கொண்ட அரசாங்கங்களுடையது. கடைசியாக, முக்கியமாக, "என்ன இருக்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த நம்முடையது. என் மகன் அந்த வாக்கியத்தை அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வீட்டில், என் வாயிலிருந்து கற்றுக்கொண்டான்.

செலவு அதிகம் இல்லாத யோசனைகள் சொல்கிறேன். பரங்கிமலையில் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாக்கம் எந்தத் திசை என்று காட்டி, லாம்டன் கதையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் இழுத்துப் பார்க்க ஒரு 100 அடிச் சங்கிலி செய்து வையுங்கள். என்னைப் போல் ஓய்வுபெற்ற சர்வேயர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம், சம்பளம் இல்லாமல் வந்து சொல்லித் தருவோம். விமான நிலையம், பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல், உயர் நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் இன்று மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஒரே சீட்டில் ஒரு நாள் முழுவதும் இவற்றைப் பார்க்க வழி செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சுத்தமான கழிப்பிடம், உட்கார ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். வெளியூர்க்காரன் ஒருவன் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், ஆட்டோக்காரருக்கும் இட்லிக் கடைக்கும் பூக்காரம்மாவுக்கும் அது ஒரு நாள் வருமானம்.

"சென்னைக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீரே, நம் ஊருக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நம் ஊருக்காகவும்தான் பேசுகிறேன். கல்வராயன் மலைக்கு மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க வருகிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "சின்னசேலத்துல என்ன இருக்கு, நேரா கச்சிராயபாளையம் போயிடலாம்." போன மாதம் ஒரு டீக்கடையில் அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. தலைநகரத்தைப் பற்றி நாம் சொன்னது சுற்றிக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டது. பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொண்டால் எந்த ஊரிலும் எதுவும் இல்லை.

கெட்டும் பட்டணம் சேர் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் சேர்ந்துவிட்டோம், பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். இனிமேல் பட்டணத்தைக் கொஞ்சம் பார்க்கவும் செய்வோம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பேரக் குழந்தை இருந்தால் கையோடு அழைத்துப் போங்கள்.

மகன் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? பையன் திரும்பி வந்து சங்கிலிக் கதையை அவனுக்குச் சொன்னான். "சரிப்பா, அடுத்த தடவை பாக்கலாம்" என்றான். அவன் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். விடுங்கள்.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்கு நான் சென்னை போகிறேன். டாக்டர் வியாழக்கிழமை வரச் சொன்னார். புதன்கிழமைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். வியாழன் பார்த்தால் மறுநாள் வெள்ளி. எழும்பூர் மியூசியமும் கோட்டை மியூசியமும் வெள்ளிக்கிழமை லீவு. இத்தனை வருடம் போய் வந்தும் இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.